இஸ்திரிப்பெட்டித் தடம்

ஃபின்காவுக்கு மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற வேலை. இருபத்தாறு வருடமாக நடு போஸ்னியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் நீலப் பெட்டியும் தோள்வரை நீளும் கையுறையுமாகத் தொழுவம் தொழுவமாக ஏறி இறங்கியவள். ஓடைக்கு மேலே கத்தோலிக்கர் வீடுகள். அவள் வீடும் அங்கேதான். கீழே முஸ்லிம் வீடுகள். தொண்ணூறுகளில் இவர்களுக்குள் மூண்ட போரில் ஊரை விட்டு ஓடி, அது முடிந்து இரு பக்கத்தாரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகும், ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. ஆனால் பசுவுக்குப் பருவம் வந்தால் வந்ததுதான், அது ஓடையைப் பார்க்காது. அதனால் இரண்டு பக்கமும் அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற ஒரே ஆள் ஃபின்காதான்.

சரயேவோவிலிருந்து வந்த ஒரு தொண்டு அமைப்பு அதற்காகவே அவளைப் பிடித்துக்கொண்டது. மாதம் ஒருமுறை இரு பக்கத்தாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். மூன்று நாள் பயிற்சி. யாரையும் பழி சொல்லக் கூடாது, தனக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், ஒருவர் பேசினால் மற்றவர் கேட்க வேண்டும். பேசுகிறவர் கையில் வைத்துக்கொள்ளச் செதுக்கிய குச்சி ஒன்றும் கொடுத்தார்கள். முதல் கூட்டத்திலேயே கீழ்ப்பக்கத்து ஷெஃபிக் அதை விறகென்று நினைத்து, கூட்டம் நடந்த தீயணைப்பு நிலையக் கூடத்து அடுப்பில் போட்டுவிட்டார். அடுத்த மாதம் ஃபின்கா ஒரு மாட்டுமணியைக் கொண்டுவந்தாள். மணி யார் கையிலோ, பேச்சு அவருடையது.

எட்டுக் கூட்டம் அப்படியே போயிற்று. பிளம்ஸ் விளைச்சல், ரோட்டுக் குழி, நகரத் தலைவருக்கு வசவு. வசவில் மட்டும் இரு பக்கமும் ஒற்றுமை. வட்டம் என்று பெயர்தான். மேல்பக்கத்தார் ஜன்னலோரம், கீழ்ப்பக்கத்தார் அடுப்போரம், நடுவில் இரண்டு காலி நாற்காலி.

ஒன்பதாவது கூட்டத்தில் ஃபின்கா பயிற்சிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். "வீட்டை விட்டு ஓடினப்போ விட்டுட்டுப் போன சாமான்ல எது இன்னும் மனசுல நிக்குது?"

மேல்பக்கத்து ஸ்டீபோ மணியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "ஏணி. பதினோரு படி. என் கையால செஞ்சது."

"எனக்குச் சாராயம் காய்ச்சற செப்புக் கொப்பரை," என்றார் ஷெஃபிக்.

"நீதான் குடிக்கவே மாட்டியே?" என்றார் ஸ்டீபோ.

"அழகுக்கு வெச்சிருந்தேன்யா! மணி என் கையில இருக்கு, நீ வாயை மூடு."

கூடம் முழுக்கச் சிரித்தது. மணி சுற்றி வந்து கீழ்ப்பக்கத்துச் செய்னாவிடம் நின்றது. அறுபத்தெட்டு வயது, விறைப்பான மனுஷி. "தையல் மெஷின். கால்ல மிதிக்கிறது. ஊர்ப் பொண்ணுங்க பாதிப்பேரு கல்யாணத் துணி அதுலதான் தெச்சேன், மேல இருக்கறவங்களுக்கும் சேர்த்து. இடது மூலையில இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம் இருக்கும், முக்கோணமா. என் நாத்தனார் பண்ண வேலை. அவளை இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அந்த முக்கோணம் ஃபின்காவுக்குத் தெரியும். பார்க்க நன்றாக இல்லையென்று தன் வீட்டு நடையில் அதன்மேல் ஜெரேனியம் பூத்தொட்டியை வைத்தவளே அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை நகர்த்தினாள். புருஷன் ட்ராகோ எட்டிப் பார்த்தான்.

"இந்த மெஷினை உங்கம்மா எங்கேருந்து கொண்டுவந்தாங்க?"

"கீழேருந்துதான். வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா. கூரையில்லாத வீட்டுல மழையில நனையுதுன்னா."

"யார் வீடு?"

"கேக்கலை. நீயும் கேக்கலை."

உண்மைதான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் இத்தனை வருடமும் தண்ணீர் மட்டும் ஊற்றினாள்.

"சொல்லப்போறியா? செய்னா கதவைச் சாத்திடுவா. அவ சாத்தினா கீழ ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. கூட்டமும் போச்சு, உன் காப்பியும் போச்சு."

"தெரியும்."

"ஊரையெல்லாம் வாயைத் திறங்க திறங்கன்னியே. இப்ப நீ திற." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "தூக்கணும்னா சொல்லு. இரும்புக் கால், தனியாத் தூக்கினா உன் இடுப்பு போயிடும்."

அந்த ஒரு மாதத்தில் செய்னாவின் பசுவுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டியிருந்தது. ஃபின்கா வேலையை முடித்துக்கொண்டு, வீட்டில் அடுப்பில் பால் இருக்கிறதென்று பொய் சொல்லி, காப்பி குடிக்காமல் ஓடி வந்தாள்.

பத்தாவது கூட்டத்தில் வட்டத்தின் நடுவே மேஜைத்துணி போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. "பீத்தாவா? உள்ள உருளைக்கிழங்கா, கறியா?" என்று ஏதோ பலகாரம் வந்திருப்பதாக நினைத்து ஷெஃபிக் மோப்பம் பிடித்தார். ஃபின்கா மணியை எடுத்தாள்.

"என் மாமியார் கொண்டுவந்தது. இருபது வருஷத்துக்கு மேல எங்க வீட்டு நடையில இருந்தது. யாரோடதுன்னு நான் கேக்கலை. போன மாசம் தெரிஞ்சுபோச்சு." துணியை இழுத்தாள்.

செய்னா எழுந்து வந்து முக்கோணத்தை விரலால் தடவினாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள், கிறீச்சென்றது. பிறகு ஃபின்காவின் கையிலிருந்த மணியை வாங்கிக்கொண்டாள்.

"நீ அங்க போய் உக்காரு." நடுவிலிருந்த காலி நாற்காலியைக் காட்டினாள். "இன்னைக்குக் கேள்வி நான் கேக்கறேன். என் அடுக்களையில எத்தனை காப்பி குடிச்சிருப்பே?"

"கணக்கே இல்லக்கா."

"சர்க்கரை எத்தனை கட்டி?"

"ரெண்டு."

"மூணு. பொய் சொல்லாதே, மணி என் கையில இருக்கு. இத்தனை காலமும் இதுல ஒரு தையலாவது போட்டியா?"

"எனக்குத் தைக்கத் தெரியாதுக்கா."

"தெரியாதவ வீட்டுல போய் நின்னிருக்கே, பாவம் மெஷின்." செய்னா சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "கோபம் இருக்கு. ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு வரும், எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் உன்கூடப் பேச மாட்டேன்."

"சரிக்கா."

"கூட்டத்துக்கு வருவேன். பேச மாட்டேன், அவ்வளவுதான்."

ஸ்டீபோ தொண்டையைச் செருமினார். "எங்க கொட்டகையில ஒரு செப்புக் கொப்பரை கிடக்கு. யாரோடதுன்னு தெரியலை…"

"அழகா இருக்குமா?" என்றார் ஷெஃபிக்.

"ரொம்ப அழகு. போன வருஷம்கூடக் காய்ச்சினோம்."

"அப்ப என்னோடதுதான்! எங்கிட்ட இருக்கற உன் ஏணிக்கு ஒன்பது படிதான் மிச்சம், இப்பவே சொல்லிட்டேன்."

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். மணியை யாரும் மதிக்கவில்லை. ட்ராகோவும் செய்னாவின் மகனும் மெஷினைக் காரில் ஏற்றும்போது, செய்னா மேல்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"முக்கோணத்தைச் சுத்தி இதென்ன வட்டமா வெள்ளைக் கறை?"

"தொட்டி வெச்ச தடம்க்கா. ஜெரேனியம்."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

செய்னா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். "இந்த ரெண்டு தடத்தையும் நான் வெறுமனே பாத்துக்கிட்டு இருக்க முடியாது. தொட்டியையும் கொண்டுவந்து வெச்சிட்டுப் போ."

"ரெண்டு மாசம் கழிச்சா?"

"நாளைக்கு. பேச மாட்டேன்னுதான் சொன்னேன். காப்பி குடுக்க மாட்டேன்னு சொன்னேனா?"