கதவில் எழுதியிருக்கும்

இரண்டு கையாலும் சின்னவளுக்குச் சடை பின்னிக்கொண்டே, பெரியவள் ஒப்பிக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்கிறாள் இருதயமேரி. ஸ்டவ்வில் கொதிக்கும் சோற்றைக் காது கவனித்துக்கொள்கிறது. நூற்றுப்பன்னிரண்டு வரும்போது ரிப்பன் கட்டி முடித்தாக வேண்டும். நூற்றறுபது வருவதற்குள் சாதம் வடித்தாக வேண்டும். இதில் கொஞ்சம் பிசகினாலும் தட்டாஞ்சாவடி பஸ் அவளை விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே சோப்புக் கம்பெனியில் அவளுக்குப் பாக்கிங் வேலை. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் கேட்டைச் சாத்திவிடுகிற புண்ணியவான்கள் அவர்கள்.

உப்பளம் தெருக்களில் அவள் நிதானமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, இடுப்பில் சாவி, தோளில் பை, வாயில் ஹேர்ப்பின் என்று ஒரு பாய்ச்சல்தான். "ஏண்டி மேரி, பின்னால நாயி கீயி தொரத்துதா?" என்று எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் தினமும் கேட்பாள். "நாயா இருந்தா கல்ல எடுத்து அடிச்சிருப்பேனே க்கா, மணி இல்ல தொரத்துது!" என்பாள் இவள், திரும்பிப் பார்க்காமலே.

அந்த வீட்டில் நாலு பேர், நாலு தட்டு, நாலு தம்ளர். ஆளுக்கு மூன்று உருப்படி துணி. தினம் ஒரு குழம்பு. அதற்குமேல் கேட்டால் ஊறுகாய்ப் பாட்டிலைக் காட்டுவாள். தம்பி லூயிஸ் ஒருமுறை ஆசையாகக் கண்ணாடி ஷோகேஸ் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். உள்ளே இருந்த பொம்மைகளைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டு, ஷோகேஸை அன்று சாயங்காலமே குஞ்சம்மாள் வீட்டுக்குத் தள்ளிவிட்டாள். "பத்து சாமான் வச்சிருந்தா பத்தையும் தொடைக்கணும், பத்தையும் தேடணும். எனக்கு அதுக்கெல்லாம் ஏதுடா நேரம்?" தம்பி இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

வீட்டை நடத்துவது சமையலறைக் கதவு. கணவன் சவரிராயனுக்கு மில்லில் வேலை. வாரம் ஒரு ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. அவன் வரும்போது அவள் போவாள், அவள் வரும்போது அவன் போவான். சில வாரம் தெருமுனையில் எதிரெதிரே பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. அதனால் கதவின் உட்புறத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் ஈரத்துணியால் அதைத் துடைத்து, அந்த வாரத்து ஷிப்டுக்கு ஏற்ப யார் யாருக்கு என்ன முறை என்று இருதயமேரி சாக்பீஸால் எழுதிவிடுவாள். தண்ணீர் பிடிப்பது யார், மண்ணெண்ணெய்க்கு நிற்பது யார், மசேர்மார், அதாவது கன்னியாஸ்திரீகள், நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது படிக்கும் சின்னவள் செசிலியை நாலு மணிக்குக் கூட்டி வருவது யார். அவன் சொல்ல வேண்டியதையும் கதவில்தான் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் அது சொன்ன கணக்கில் சேராது.

இத்தனை பாடும் ஒரே ஒரு மணி நேரத்துக்காக. அவள் அம்மா வெள்ளைக்காரத் தெருவில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரி. விடியுமுன் போய், ஊர் அடங்கி வந்தவள். "எங்கம்மாவ நெனச்சா, கண்ண மூடித் தூங்கற மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் வருது. எம் புள்ளைங்களுக்கு அப்டி ஆவக் கூடாது" என்று பாக்கிங் மேஜையில் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். ஆறரையிலிருந்து ஏழரை வரை பிள்ளைகளோடு சும்மா உட்கார வேண்டும். அவர்கள் பேச, தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் தட்டைக் குறைத்தாள், துணியைக் குறைத்தாள், அக்கம்பக்கத்துப் பேச்சையும் குறைத்தாள். ஆனால் என்ன மாயமோ, மிச்சம் பிடித்த அந்த ஒரு மணி நேரத்துக்குள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால், கிழிந்த யூனிபாரம் வந்து நிற்கும். மூன்று வருஷமாக இதே கதை. செசிலி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "சொல்லு சொல்லு, காது இங்கதான் இருக்குது" என்பாள். கை வேறெங்கோ இருக்கும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அந்தக் கதவு அவளைக் கவிழ்த்துவிட்டது.

அது சவரிராயனுக்கு ராத்திரி ஷிப்ட் வாரம். பகலில் வீட்டில் இருப்பவன் அவன்தானே, செசிலியைக் கூட்டி வருவது அவன் முறை. பெரியவள் லூர்துசெல்வி அந்த வாரமெல்லாம் பள்ளி விட்டதும் தையல் கிளாசுக்குப் போய்விடுவாள். ஆனால் கூட வேலை செய்யும் கோவிந்தராசு, தங்கை நிச்சயதார்த்தம் என்று திங்கட்கிழமை மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டிருந்தான். அவனுடைய மதிய ஷிப்டுக்குச் சவரிராயன் போக வேண்டும். பெரியவளுக்கு ஒரு நாள் தையல் போனால் போகிறது என்று, ஞாயிறு மத்தியானமே சவரிராயன் கதவில் ஒழுங்காக எழுதினான்: திங்கள், செசிலி, லூர்து. எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனான். சாயங்காலம் பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த இருதயமேரி, கையில் ஈரத்துணியோடு கதவின் முன் நின்றாள். ராத்திரி ஷிப்ட் வாரத்தின் முறை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எழுதியிருந்ததைப் படிக்கக்கூட இல்லை. ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு மளமளவென்று எழுதினாள்: திங்கள், செசிலி, அப்பா.

மறுநாள் அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அது வழக்கம்தான். அவன் ஒன்றரை மணிக்குக் கஞ்சியைக் குடித்துவிட்டு மில்லுக்குப் போனான். கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் எழுதியது அங்கே இருக்கிறது என்று நம்புகிற மனிதன் எதற்காகப் பார்க்கப் போகிறான்?

ஆறரைக்கு இருதயமேரி வீட்டுக்குள் நுழைந்தபோது லூர்துசெல்வி மட்டும் இருந்தாள். "பாப்பா எங்க? அப்பா எங்க?" இரண்டையும் அவள்தான் அம்மாவைக் கேட்டாள். இருதயமேரி தோள் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. அப்படியே திரும்பி ஓடினாள், பெரியவளும் பின்னால் ஓடி வந்தாள். "மாதாவே, மாதாவே" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது. மார்கழி மாதம், ஏழு மணி ஆகுமுன்பே தெருவெல்லாம் இருட்டு.

பள்ளிக்கூட வாசல் விளக்கின் கீழே, படியில் செசிலி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பக்கத்தில் பாதி கடித்த பன். வாட்ச்மேன் ஆதிமூலம் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா நீ, இவ்ளோ நேரமா? வூடு எங்கன்னு கேட்டா உப்பளம்னுது, அதுக்கு மேல சொல்லத் தெரியல. பள்ளிக்கூட கேட்ட வுட்டுட்டு நானும் எங்க போறது?"

"மன்னிச்சிக்குங்கண்ணே... ரொம்ப அழுதாளா?"

"அழுவவே இல்லம்மா. அதான் எனக்கே ஒரு மாதிரியா இருந்தது. யாரு பாப்பா வருவாங்கன்னு கேட்டேன். எனக்குத் தெரியாது தாத்தா, கதவுல எழுதியிருக்கும்னு சொல்லுது."

செசிலி எழுந்தாள். யார் வந்தாலும் செய்வது போலப் பையை அம்மாவிடம் நீட்டினாள். "இன்னிக்கி ஒன் மொறயாம்மா?" என்று கேட்டாள். கோபமில்லாமல், குறையுமில்லாமல், ரேஷன் கடை வரிசையில் யார் முன்னால் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் கேள்வியை இருதயமேரியால் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்காகத்தானே இத்தனையும் என்று நினைத்திருந்தவள், தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் கீழே பிள்ளையையும் ஒரு வரியாக எழுதி வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"ஆமாண்டா கண்ணு. எம் மொறதான்" என்றாள், சிரமப்பட்டு.

செசிலி தலையாட்டிவிட்டு, வழக்கம்போல இரண்டடி முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

"நில்லு. இங்க வா. குந்து."

"அம்மா, சோறு ஆக்கணுமே" என்றாள் லூர்துசெல்வி. "அரிசி கூட களையல."

"ஆக்கிக்கலாம். நீயும் குந்து."

இருதயமேரி பைகளைச் சுவரோரம் சாய்த்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். அந்தச் சில்லிட்ட கல்படியில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். "நாலு மணி அடிச்சதுல இருந்து இன்னா இன்னா நடந்திச்சி, ஒண்ணு வுடாம சொல்லு. அம்மா கேக்கறேன்."

செசிலி நம்பவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. பிறகு குனிந்து தன் ஷூவின் வாரை அவிழ்த்து, இரண்டையும் கழற்றி அம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.