நந்தி கல்யாணத்துக்கு வந்த அண்ணன்

என் அண்ணனுக்கு மனநோய் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா "கோவக்காரன்" என்பாள். சொந்தக்காரர்கள் "கொஞ்சம் ஒரு மாதிரி" என்பார்கள். ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், கூட இருப்பவர்கள் சோற்றில் விஷம் வைக்கிறார்கள் என்று ஒருநாள் பாதி ஷிஃப்டில் அரியலூருக்குத் திரும்பி வந்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. அதன்பிறகு வேலைக்குப் போகவில்லை. தெருவில் யார் செருமினாலும் "அவங்கதான்" என்று ஜன்னலைச் சாத்துவான்.

திருச்சி டாக்டரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் எப்படி வைத்தியம் செய்வது, கூட்டி வாருங்கள் என்றார். நியாயம்தான். கூட்டிப்போகத்தான் வழியில்லை.

"வாண்ணே, ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்."

"எனக்கு என்ன கேடு? உனக்கு வேணும்னா நீ போய்க் காட்டிக்க."

பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறான். நான் அழுதால் பரிதாபமாகப் பார்ப்பான். பைத்தியம் எனக்குத்தான் என்பது அவன் முடிவு.

அம்மா யாரிடமோ கேட்டு மாத்திரை வாங்கி, எனக்கும் சொல்லாமல், நசுக்கி ரசத்தில் கலந்தாள். பார்த்துவிட்டான். விஷம் வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, பெற்றவளே அதை நிரூபித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து தனி ஸ்டவ், தனிச் சமையல்.

பங்குனியில் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் கூடிவரும் என்று, எங்கள் பக்கத்தில் வயது ஏறிய பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். அம்மாவும் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்கு மசியாதவன் இதற்குச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். மேளச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கொள்ளிட மணலில் போய்க் குந்தினான். அம்மா அதைப் பார்க்கவில்லை. நந்திக்கு நடந்த கல்யாணத்தைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள்.

"ஒரு கால்கட்டு போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்டி. நீ வாய மூடிக்கிட்டு இரு. வெளிய தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்?"

ஜெயங்கொண்டம் பக்கம் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணன் வாயே திறக்கவில்லை. என்ன அடக்கம் என்று மெச்சினார்கள். பெற்ற தாயாலும் கூடப் பிறந்தவளாலும் ஆகாததை எவளோ ஒருத்தி வந்து செய்ய வேண்டுமாம், அதுவும் தெரியாமலே.

நிச்சயத்துக்கு முன்னால் நானே பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"சரியாவும்னுதான் நெனைக்கிறேன். ஆனா அண்ணன் சாப்பிட மாட்டாரு."

காபி கொடுத்து அனுப்பினாள். பேச்சு அத்தோடு முறிந்தது.

"கூடப் பொறந்தவளாடி நீ? எம் புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். சொந்தத்தில் ஒரு நாதி எனக்காகப் பேசவில்லை. நோயை மறைத்தவர்கள் நல்லவர்கள், சொன்னவள் குடிகெடுத்தவள்.

மறுநாள் அண்ணன் தானாக என்னைத் தேடி வந்தான்.

"பாப்பா, நீதான் நிறுத்துனியாமே?"

"ஆமாண்ணே."

எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தான். "நல்ல வேல பண்ணுன. அந்தப் பொண்ணும் அவங்க ஆளுதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அந்த வீட்டில் நான் செய்தது சரி என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இப்போது கேட்டால் வருவான் என்று தோன்றியது.

"அப்படின்னா எனக்காக ஒரே ஒரு தடவ டாக்டர்கிட்ட வாண்ணே."

சிரிப்பு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்ப நீயும் அவங்க ஆளுதானா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.