சோலையப்பன் நின்ற பாரா

சோலையப்பன் போலீஸில் இருந்தது பத்துப் பன்னிரண்டு வருஷம். அத்தனை காலத்தில் அவன் ஒரு திருடனைப் பிடித்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். உயரத்தையும் மார்பையும் அளந்து பார்த்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் எடுத்துக்கொண்டார்கள். பார்த்த வேலை என்னவோ விறகு பிளப்பதும், இன்ஸ்பெக்டர் வீட்டு எருமைக்கு வைக்கோல் போடுவதும்தான். இப்போது அதெல்லாம் போய், கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாமனார் நிலத்தில் கடலை போடுகிறான். மழை பெய்தால் சாப்பாடு, பெய்யாவிட்டால் இல்லை. கேட்டால், "அங்கிட்டு இருந்ததுக்கு இது தேவலை மச்சான்" என்பான். அதற்குமேல் வாயைப் பிடுங்க முடியாது.

ஸ்டேஷன் இருந்த ஊரின் பேர் வேண்டாம். திருமயத்திலிருந்து வண்டிப்பாதையில் கிழக்கே போனால் வரும் ஊர்களில் ஒன்று. என் சாப்பாட்டுக் கடை அதற்கு எதிரே இருந்தது. லாக்கப்பில் கிடப்பவர்களுக்குச் சோறு என் கடையிலிருந்துதான் போகும். லாக்கப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓர் அறை, முன்னால் கம்பிக்கதவு, மூலையில் தண்ணீர்ப் பானை. உள்ளே ஆள் இருந்தால் வெளியே ஒருவன் காவலுக்குப் பாரா நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவன் சோலையப்பன். ஆனால் அவன் கம்பிக்கு முன்னால் நின்றதைவிட இன்ஸ்பெக்டர் வீட்டுக் கொல்லையில் நின்றதுதான் அதிகம்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலம் அது. பர்மாவிலிருந்து ஜனங்கள் பிழைத்தது போதும் என்று வந்து சேர்ந்த நேரம். அரிசி கிடைப்பதே பெரும்பாடு. களவும் கூடிப்போயிருந்தது. ஆடு திருடினான் என்று ஆண்டியப்பன் என்கிறவனைக் கொண்டுவந்து அடைத்தார்கள். வாங்க வேண்டிய அடியெல்லாம் வாங்கிக்கொண்டு அவன் மூலையில் சுருண்டு கிடந்தான். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வீட்டில் குழந்தைக்குக் காதுகுத்து. "சோலை, பந்தல் போட ஆள் பத்தலையாம், ஓடு" என்று ஏட்டு நாகராசு அவனை விரட்டினார். பின்னாலேயே அவரும் விருந்துக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் சோற்றோடு போனபோது ஸ்டேஷனில் ஈ காக்கை இல்லை. ஆண்டியப்பன் தன் இடுப்பு அரைஞாண் கயிற்றாலேயே உயிரை விட்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

புதுக்கோட்டையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கயிற்றைக் கையில் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். எத்தனை புரி, எங்கே வாங்கியது என்றெல்லாம் கேட்டார். பாராக்காரன் எங்கே போனான் என்று கேட்டதற்கு, "வெளிக்குப் போயிருந்தான்" என்று ஏட்டு சொன்னார். சோலையப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எந்த வேளைக்குச் சோறு கொடுப்பாய் என்பதோடு என்னை விட்டுவிட்டார்கள். கடைசியில் சோலையப்பன் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. இனிமேல் லாக்கப்பில் வைக்கிற எவன் இடுப்பிலும் கயிறு இருக்கக்கூடாது, அறுத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆம்பளைக்கு இடுப்புக் கயிறு பிறந்த சில நாளில் ஏறுவது. இற்றுப்போனால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். ஒரு நிமிஷம்கூட இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது. வெறுமையாக இருப்பது பிணத்துக்கு மட்டும்தான். குளிப்பாட்டும்போது அறுப்பார்கள். உத்தரவு போட்டவரும் இடுப்பில் கயிறு கட்டியவராகத்தான் இருப்பார். போடுகிற நேரத்தில் அது நினைப்பில் இல்லை.

அந்தச் சித்திரையில் மூக்கனைப் பிடித்துவந்தார்கள். பூட்டிக் கிடந்த செட்டியார் வீடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குகிறவன். அந்த வீட்டுச் செப்பு அண்டாவைக் காணோம். அண்டா செட்டியாரின் சம்பந்தி வீட்டில் பத்திரமாக இருந்தது பிற்பாடு தெரிந்தது. அப்போது யாருக்கும் தெரியாது. நான் கணக்குப் பேச ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன்.

"இடுப்பக் காட்டுடா" என்றார் ஏட்டு.

"வெத்துக் கயிறுதான் சாமி. வெள்ளி கிள்ளி ஒண்ணும் கோக்கலை."

"வெள்ளிய எவன்டா கேட்டான்? கயித்த அறுக்கணும்."

மூக்கன் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு ஏட்டின் முகத்தைப் பார்த்தான். "புதுசு வச்சிருக்கீங்களா சாமி?" என்று கேட்டான்.

"ஆமா, ஒனக்குப் பட்டுல நெய்யக் குடுத்திருக்கு. டேய் சோலை, அறுடா."

சோலையப்பன் பேனாக்கத்தியை எடுத்தவன் அப்படியே நின்றான். "ஏட்டையா, நீங்களே செஞ்சுடுங்களேன்."

"எனக்கு இப்பத்தான் பேரன் பொறந்திருக்கான். நான் அதத் தொடமாட்டேன். நீ அறு."

சோலையப்பன் அறுத்தான். மூக்கன் தடுக்கவில்லை. கீழே விழுந்த கயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, தானே உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அந்திக்கு நான் இலைச்சோற்றைக் கம்பிக்குள்ளே தள்ளினேன். "ஏப்பா, சோறு வந்திருக்கு."

"ஆருக்கு?"

"ஒனக்குத்தான்."

"அறுத்தாச்சுல்ல. இனி வாயில அரிசிதான் போடணும். சோத்த எடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான். மறுநாளும் இலை அப்படியே திரும்பி வந்தது. பானைத் தண்ணீரும் குறையவில்லை. "நடிக்கிறான். பசிச்சாத் தின்பான்" என்றார் ஏட்டு. ஆனால் அதைச் சொல்லும்போது லாக்கப் பக்கம் அவர் திரும்பவில்லை. கோர்ட்டில் நிறுத்தலாம் என்றால் மாஜிஸ்திரேட் காய்ச்சலில் படுத்திருந்தார். வெயில் வேறு கொளுத்தியது. மூக்கனின் உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது.

சோலையப்பன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். இலையைப் போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடுய்யா. நீயும் அவங்கூடச் சேந்துட்டியா?"

"இறங்கலை மச்சான்."

"இன்னொருத்தன் போனா வேலை போயிரும்னு பயமா?"

"வேலை கெடக்குது. முன்னால போனவன் நான் இல்லாதப்ப போனான். இவன அறுத்தது எங் கையி." எழுந்து கை கழுவினான். "அவன் பொண்டாட்டியக் கூட்டியாரச் சொல்லணும். அவன் ஊருப் பக்கம் வண்டி போனாச் சொல்லுங்க."

செங்கல் வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலையில் செவந்தி கேப்பைக் கூழோடு வந்துவிட்டாள். ஒடிசலான பெண். கம்பி வழியாகப் புருஷனைப் பார்த்தாள். பார்வை இடுப்புக்குப் போனதும் அவள் கை தன் கழுத்துத் தாலிக்குப் போனது.

"இது எங் கழுத்துல கெடக்கையில எவன்யா அவுக கயித்த அறுத்தது?"

"நான்தான் ஆத்தா" என்றான் சோலையப்பன்.

"ஒங்க வீட்டு ஆம்பளைக்கெல்லாம் இடுப்பு இப்புடித்தான் மொட்டையாக் கெடக்கா?"

ஏட்டு உள்ளேயிருந்து வந்தார். "ஏய், என்ன சத்தம்? அது உத்தரவு."

"உத்தரவு போட்டவருக்கு அறுத்தாச்சா சாமி?"

ஏட்டு பெல்ட்டை மேலே இழுத்து விட்டுக்கொண்டார். "இந்தா பாரு, அவன் தொங்கிடக் கூடாதுன்னுதான் அறுத்தது. கயிறுன்னு ஒண்ணு கட்டவிடமாட்டேன்."

செவந்தி கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பல்லால் கடித்து நீளமாக உருவினாள். ஒற்றை நூல். "இது கயிறா? நீங்களே சொல்லுங்க."

ஏட்டு அதை வாங்கி இரண்டு விரலில் சுற்றி இழுத்தார். பட்டென்று அறுந்தது. "இது ஒரு எலியக்கூடத் தாங்காதே."

"அதுக்குத்தான சாமி. இன்னொண்ணு உருவுறேன்."

ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி. மூக்கன் சுவர்ப் பக்கத்திலிருந்து உருண்டு கம்பிக்கு அருகே வந்தான். எழுந்திருக்கத் தெம்பு இல்லை. செவந்தி கம்பிக்குள் கையை விட்டு நூலைக் கட்டி முடிச்சுப் போட்டாள். அவன் விரலால் தடவிப் பார்த்தான்.

"இது போதுமா?"

"வீட்டுக்கு வந்ததும் நல்லதாக் கட்டிக்கலாம். இப்பக் குடிங்க."

குடித்தான். இரண்டு மிடறு உள்ளே போனது, ஒன்று வெளியே வந்தது. மறுபடி குடித்தான். சோலையப்பன் நேராக என் கடைக்கு வந்து, கேட்காமலே ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவன் இன்றைக்கும் போலீஸில்தான் இருப்பான். மறுநாள் இன்ஸ்பெக்டர் சம்சாரம் திருக்கோகர்ணத்துக்குச் சாமி கும்பிடப் புறப்பட்டாள். குழந்தையைத் தூக்கவும் மூட்டையைச் சுமக்கவும் ஆள் வேண்டும். ஏட்டு வந்து, "சோலை, கெளம்பு. வண்டி நிக்கிது" என்றார்.

"பாரா இருக்கே ஏட்டையா."

"கயித்தத்தான் அறுத்தாச்சே, அப்புறம் என்னடா பாரா? அந்த நூலுலயா தொங்கிருவான்?"

"அன்னைக்கும் இப்புடிக் கெளம்பித்தான் போனேன்."

"என்னையச் சொல்றியா?"

"ஒருத்தரையும் சொல்லலை. நான் போகலை."

ஏட்டின் குரல் இறங்கிவிட்டது. "டேய், அந்தம்மாகிட்ட நான் என்னத்தடா சொல்றது?"

"வெளிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

ஏட்டு அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, அந்த அம்மாளிடம் சொல்லத் தானே போனார்.

நான் சோற்றோடு உள்ளே நுழையும்போதுதான் அது நடந்தது. மூக்கன் தண்ணீர் மொள்ள எழுந்தான். சுவரைப் பிடித்து இரண்டடி வைத்தான். அப்படியே மரம் மாதிரி சாய்ந்தான். தலை பானையில் மோதிப் பானை உடைந்தது. கையும் காலும் வெட்டி இழுத்தன. கண் மேலே செருகிவிட்டது. கயிறும் இல்லை, துண்டும் இல்லை, அடியும் இல்லை. வெறும் பட்டினியும் வெயிலும்தான்.

சாவி ஆணியில் தொங்கியது. தனியாளாக இருக்கும்போது கதவைத் திறக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம் உண்டு. சோலையப்பன் திறந்தான். மூக்கனை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். வாயில் நுரையைத் துடைத்து, மூச்சு வருகிறதா என்று கன்னத்தை வைத்துப் பார்த்தான். ஓட்டுச் சில்லுகளைக் காலால் தள்ளினான். "மச்சான், கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் கொண்டாங்க, ஓடுங்க!"

நான் ஓடி வந்தபோது இழுப்பு நின்றிருந்தது. தலை சோலையப்பன் மடியில் இருந்தது. ஈரத்துணியால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண் திறந்து, விழுங்குவான் என்று தெரிந்த பிறகுதான் கஞ்சியை விரலில் தொட்டு உதட்டில் வைத்தான். அவசரப்படவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஏட்டு திரும்பி வந்தார். திறந்த கதவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி, தெறந்து போட்டிருக்கியே! ஓடிட்டா?"

"ஓடட்டும் ஏட்டையா. ஓடுற தெம்பு மொதல்ல வரட்டும்."

ஏட்டு தரையைப் பார்த்தார். உடைந்த பானையையும், மூக்கன் கிடந்த கிடப்பையும் பார்த்தார். உட்கார்ந்து தன் தொப்பியைக் கழற்றி விசிற ஆரம்பித்தார். ரொம்ப நேரம் விசிறினார். மூக்கன் கொஞ்சம் தேறியதும் முதலில் சொன்னது, "கஞ்சியில உப்புக் கூட" என்பதுதான். இது என் கடைக்கு வழக்கமாக வருகிற புகார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

அதன் பிறகு சோலையப்பன் கம்பியை விட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கேயே. தூக்கம் என்று பார்த்தால் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு நின்றபடி தலையாட்டுவதுதான். மாற்ற ஆள் கேட்டான். எல்லோரும் வேறு வேலையாக இருந்தார்கள். என்ன வேலை என்று ஊருக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் சம்சாரம் தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வந்ததை இன்ஸ்பெக்டர் மறக்கவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை, தனியாக லாக்கப்பைத் திறந்தான் என்று மேலே எழுதிப் போட்டார். ஏன் திறந்தான் என்று எழுதவில்லை. அதை எழுதினால், உள்ளே இருந்தவன் ஏன் விழுந்தான், ஏன் சாப்பிடாமல் கிடந்தான் என்று மேலே மேலே எழுத வேண்டி வரும்.

மாஜிஸ்திரேட்டுக்குக் காய்ச்சல் விட்டது. ஒரு காலையில் மூக்கனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆளு நடப்பானா?"

"நடப்பான். வெரட்டாதீங்க. நெழல் கண்ட எடத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க. தண்ணி கேட்டாக் குடுங்க" என்றான் சோலையப்பன்.

மூக்கன் மெதுவாக நடந்தான். சோலையப்பனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கவனமெல்லாம் காலை எடுத்து வைப்பதில் இருந்தது. செவந்தி பின்னால் போனாள். புளியமரத்து வளைவில் அவர்கள் மறைகிறவரை சோலையப்பன் வாசலில் நின்றான். அப்புறம் உள்ளே வந்தான். பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பெஞ்சில் நீட்டிப் படுத்தான். படுத்தவுடன் குறட்டை வந்துவிட்டது.

நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏட்டு நாகராசு கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். வேலையிலிருந்து நீக்கின உத்தரவு அன்றைத் தபாலில் வந்திருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தோளைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா, தூங்கட்டும். இதென்ன, எங்க ஓடிப்போகுது? எந்திரிச்சதும் குடுத்துக்கலாம்" என்றார்.