டம்ளரில் இருந்தது பால் இல்லை

என் வீட்டுக்காரர் உண்ணாவிரதப் பந்தலில் குடித்தது பால் இல்லை, மருந்து. அது உங்களுக்கு அன்றே தெரியும். தெரிந்தும் பால் என்று மைக்கில் சொன்னீர்கள். நீங்கள் எல்லைக் கமிட்டிச் செயலாளர். அவர் உங்கள் பேச்சைக் கேட்டு வந்து உட்கார்ந்த விவசாயி. நான் அவர் பெண்டாட்டி.

அவருக்கு வயிற்றுப் புண் முன்பே உண்டு. சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரியும். வெறும் வயிறாக இருந்தால் அதைவிட மோசம். முதலில் சோடா உப்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். பெரிய ஏப்பமாக வரும், கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு முன்பைவிட அதிகமாக எரியும். கழனியில் வேலை நடக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் குந்திவிடுவார்.

திருப்பதி டாக்டர்தான் சோடா உப்பை நிறுத்தச் சொல்லி வெள்ளை மருந்தைக் கொடுத்தார். வயிறு காலியாக இருக்கக் கூடாது, மருந்து வேளை தவறக் கூடாது என்றார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, வெட்டு வைத்த காகிதத்தைக் கம்பவுண்டர் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். குலுக்கி, டம்ளரில் ஊற்றி, தண்ணீர் கலந்து குடிக்க வேண்டும். பார்த்தால் பால். வாயில் வைத்தால் சுண்ணாம்பு. அந்த டாக்டரிடம் அவரை அனுப்பியதே நீங்கள்தான். அதே மருந்து உங்கள் வீட்டு அலமாரியிலும் இருந்தது. நானே பார்த்திருக்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமான பிறகு, எங்கள் ஊர்கள் எந்தப் பக்கம் என்ற தகராறு நடந்துகொண்டிருந்தது. மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி வடமாலபேட்டை ரோட்டோரம் பந்தல் போட்டீர்கள். நாளுக்கு ஒருவர் உட்கார வேண்டும். அவரைக் கேட்க வீட்டுக்கு வந்தீர்கள்.

"அவருக்கு வயிறு தாங்காதுண்ணா," என்றேன்.

"எனுக்கு மட்டும் இன்னா இரும்பு வயிறா தங்கச்சி? ஒரு நாளுதானே. மருந்து சோறு ஆவாது. நீயே எடுத்துக்கினு வந்து வேளைக்குக் குடு. யாரு கேக்கப்போறாங்க?"

நம்பினோம். அவர் ஒரு நாள் உட்கார்ந்து முடித்தார்.

மறுநாள் உட்கார வேண்டிய ஆள் வரவில்லை. மாமியார் வீட்டு விசேஷம் என்று நாயுடுபேட்டைக்குப் போய்விட்டாராம். பந்தல் காலியாக இருந்தால் மானம் போகும் என்றீர்கள். "இன்னிக்கு ஒரு நாளு இருந்துடு நைனா," என்று இவர் தோளைத் தட்டினீர்கள். இவர் தலையாட்டினார். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆள்.

அன்று மதியம் மருந்தைக் கலந்து கொடுத்தேன். பாதி குடித்திருப்பார். எதிரே திருப்பதி பஸ் வந்து நின்றது. ஜன்னலில் இருந்த ஒருவன், "ஒரேய், பாலு தாகுதுன்னாடுரா!" என்று, பால் குடிக்கிறான்டா என்று தெலுங்கில் கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது. நீங்கள் ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டினீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டீர்கள்.

"அது மருந்துண்ணா, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. அவனுங்களுக்குத் தெரியாதே," என்றீர்கள். மெதுவாகத்தான் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது.

கொட்டியதை ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஈ கூட உட்காரவில்லை. காய்ந்து, கோலமாவு சிந்தியது போல் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்த யாருக்கும் பால் இல்லை என்று தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வாந்தி எடுத்தார். காப்பிக் கசண்டு போலக் கறுப்பாக வந்தது. பிறகு ரத்தமாகவே வந்தது. மெட்ராஸில் மாங்காய் இறக்கிவிட்டுத் திருப்பதி பக்கம் திரும்பிக்கொண்டிருந்த லாரியை மறித்து ஏற்றினோம். லாரி கிளம்பும்போது உங்கள் குரல் மைக்கில் கேட்டது: "பால் குடித்தவரை நீக்கிவிட்டோம். நம் விரதத்தில் களங்கம் இல்லை."

திருப்பதியில் வயிற்றைக் கிழித்துப் பாதியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். பிடுங்கிக் கொட்டிவிட்டார்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அதற்காக நான் அழவில்லை. கழனி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. போனது அவர் பேர்.

ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் கூட்டாளி பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "அவுருக்கு சோறு இன்னாத்துக்குடா? ஒரு சொம்பு பாலு ஊத்து," என்றார். பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். இவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. நான் வந்து உங்களைக் கேட்கிறேன் என்றால், "வுடுடி, ஊரு மறந்துடும்," என்கிறார். ஊர் மறக்கவில்லை. இவரைப் பார்த்தால் இன்றைக்கும் பால் பேச்சு வருகிறது.

பந்தல் போட்ட அதே இடத்தில் அடுத்த கூட்டத்தில் பேச வருகிறீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நான் முன்வரிசையில் உட்காருவேன். அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். அன்று மைக்கில் சொன்னீர்கள் அல்லவா? இதையும் மைக்கிலேயே, ஊர் கேட்கச் சொல்லுங்கள். அந்த டம்ளரில் இருந்தது பாலா, மருந்தா?