நிலைக்குள் படுத்துப் பார்த்த அப்பா

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் ஐந்துதான் நான் பெற்றது, மற்ற இரண்டும் என் புருசனின் தங்கைச்சி விட்டுப்போனவை. இரண்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. சொல்வது நான், எழுதுவது பேத்தி. ஆனாலும் இன்றுவரை எந்தப் பிள்ளை வீட்டிலும் நான் ஒதுங்கி இருந்ததில்லை. என் வீட்டில் நான் இருக்கிறேன். அது எனக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தகப்பன் கட்டிக் கொடுப்பான், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். என் அப்பாவும் அப்படித்தான் பெரியகல்லாற்றில் அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். மண்சுவர், தென்னோலைக் கிடுகுக் கூரை, குனிந்து நுழைகிற வாசல். அப்பா வாவியில் வலை வீசினார். வாவி என்பதெல்லாம் எழுத்தில்தான், நாங்கள் ஆறு என்போம்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் வயிறு வீங்கத் தொடங்கியது. கையும் காலும் குச்சியாக மெலிய, வயிறு மட்டும் பெருத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அவரைப் பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பினதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குப் பெரிய சந்தோஷம். அப்பா விரும்புவது நண்டுக்கறி. அவர் தொட்டுவிட்டு வைக்கிற கோப்பை முழுதாக என்னிடம் வந்தது. இப்படி ஒரு நல்ல டொக்டர் எங்கேயும் இருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அம்மா அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் போட்டார். சாவு என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. எங்காவது பறை கேட்டால் வாசல் தட்டியை இழுத்துச் சாத்துவார். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்தார், வேரும் இலையும் அரைத்தார். அப்பாவைப் பார்க்க வந்து முகத்தைத் தொங்கப்போட்டவர்களுக்குத் தேத்தண்ணீர் கிடையாது.

அப்பாவோ சுவரைப் பார்த்தபடி கிடந்தார். வலை வெயிலில் காய்ந்து மொறுமொறுத்தது. என்னோடுகூடப் பேச்சில்லை. அந்த நாட்களில் அவர் அப்பா மாதிரியே இல்லை, யாரோ வந்து படுத்திருப்பது மாதிரி இருந்தது.

ஒருநாள் விடிந்ததும் எழும்பினார். தோணி ஊன்றுகிற கம்பைப் பிடித்து நடந்துபோய், வளவின் கிழக்குப் பக்கத்து மணலில் கோடு கீறினார். என்ன என்று கேட்டேன். "உன்ட வீடு மகள்," என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் சுகமாகட்டும், பிறகு கட்டலாம் என்றார். சனி பிடித்த காலத்தில் வீடு தொடங்கக்கூடாது என்று சாத்திரியார் சொன்னதையும் எடுத்துப் போட்டார். அப்பா கேட்கவில்லை. மண் குழைக்க ஒரு குடம் தண்ணீர்கூட அம்மா தூக்கித் தரவில்லை, அந்தக் கோட்டுக்குள் காலும் வைக்கவில்லை. மாமாவும் அயலாரும்தான் சுவர் எழுப்பினார்கள். அப்பா ஒரு உரலைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருந்து எல்லாரையும் ஏசினார். சுவர் சரிகிறது, எழும்பி வந்தேனென்றால் தெரியும் என்பார். எழும்ப முடியாது. "என்ட வயிறு முன்னுக்குப் போய்ப் பார்க்கும், நான் பின்னால வாறன்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டார்.

தச்சுவேலைக்கு ஓடாவியார் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து தோணியில் முதிரை மரம் வந்தது. வாசல் நிலையைப் பொருத்தி மணலில் கிடத்தி, சரிதானே என்று கேட்டார். அகலம் காணாது என்றார் அப்பா.

"நெல்லு மூட்டை போகும். மாப்பிள்ளை போவான். இன்னும் என்னதான் போகணும்?" என்றார் ஓடாவியார்.

அப்பா மெல்லக் குனிந்து, கையை ஊன்றி, அந்த நிலைச் சட்டத்துக்குள் மல்லாந்து படுத்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்தார். மாமாவை ஒரு பக்கமும் ஓடாவியாரை மறுபக்கமும் நிற்கச் சொன்னார். "தூக்கிறவன்ட தோளும் இடிக்கக் கூடாது. அளந்து பாருங்க," என்றார்.

எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. நானும் போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

கிணற்றடியிலிருந்து வந்த அம்மா குடத்தைக் கீழே வைத்தார். அம்மாவின் தகப்பன் செத்தபோது, அந்தக் குனிந்த வாசலால் பிரேதத்தைச் சரித்துத்தான் எடுத்தார்களாம். தலை நிலையில் இடித்ததாம். அது நான் பிறக்கமுன் நடந்தது, எனக்குப் பிறகுதான் தெரியும். அம்மாவின் காதில் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது.

"எழும்புங்க. இஞ்ச ஆர் போறதுக்கு அளக்கிறீங்க?"

"எனக்கில்ல புள்ள. நான் உன்ட பழைய வாசலாலயே போயிருவன். இது உனக்கு. இவளுக்கு."

"ஒம்பது வயசுப் புள்ளைக்குமா?"

"இவளுக்குந்தான். இவள்ற புள்ளைகளுக்கும். வாறதுக்கு மட்டும் வாசல் வச்சா, பிறகு என்ன, சுவரையா உடைக்கிற?"

அம்மா என்னை மணலிலிருந்து இழுத்து எடுத்தார். கை நோகுமளவுக்கு இழுத்தார். ஓடாவியார் யார் முகத்தையும் பார்க்காமல், அகலம் கூட்ட நிலையைக் கழற்றத் தொடங்கினார். நானோ தெருவெல்லாம் ஓடி, எங்கள் வாசல்தான் ஊரில் பெரிய வாசல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாரி தொடங்கியபோது நிலை நின்றது, சுவர் முடிந்தது, கூரையில் பாதிக்குத்தான் கிடுகு ஏறியிருந்தது. அதற்குள் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். பேச்சு நின்றது. ஒருநாள் மத்தியானம் பெண்கள் வந்து பழைய வீட்டுக்குள் சுற்றி இருந்தார்கள். அம்மா யாரையும் துரத்தவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழும்பி மாமாவிடம் சொன்னார்:

"இவரைப் புது வீட்டுக்குத் தூக்குங்க."

மாமா திகைத்துப்போனார். "அக்கா, இன்னும் பால் காய்ச்சல்ல. குடிபோகாத வீட்டுக்கு முதல் முதலா இதுக்கா போற?"

"பாலை நான் காய்ச்சிறன்."

அதுவரை அந்த வீட்டில் கால் வைக்காத அம்மா, நடு வீட்டில் கல் வைத்து அடுப்பு மூட்டினார். புதுச் சட்டியில் பால் ஏற்றினார். அப்பாவைக் கிடந்த பாயோடு பெரிய வாசலால் கொண்டுவந்தார்கள். தூக்கியவர்கள் நிமிர்ந்தபடியே நடந்து வந்தார்கள். கிடுகு இல்லாத பக்கத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பால் பொங்கியது. குரவை போடுவதா, ஒப்பாரி வைப்பதா என்று பெண்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாமி மட்டும் குரவை போட்டார், அது பாதியில் உடைந்துவிட்டது.

அம்மா பாலை ஆற்றி, அப்பாவின் வாயில் கரண்டியால் விட்டார்.

"குடிச்சிட்டுப் போங்க. வாசல் பெரிசாத்தான் கிடக்கு," என்றார்.

பிறகு இந்த வாசலால் என் புருசன் வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். அம்மா போனார். புருசனும் போனார். ஒரு மகன் போனான். இனி யார் என்று எனக்குத் தெரியும், அதற்காக நான் எந்தத் தட்டியையும் சாத்துவதில்லை.

அன்றைக்கு இது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. பால் காய்ச்சினால் குடிபூரல், புது வீட்டுக் கொண்டாட்டம் என்றுதான் தெரியும். ஏன் ஒருவரும் நல்ல உடுப்பு உடுத்தி வரவில்லை என்று யோசித்தேன். சட்டியில் மிச்சமிருந்த பாலில் அம்மா சீனி போட்டு எனக்குத் தந்தார். அப்பா பக்கத்தில் இருந்து குடித்தேன். இனிப்பாக இருந்தது. இன்னும் வேணும் என்று கேட்டேன். அம்மா மறுக்காமல் ஊற்றினார்.

சரி புள்ள, எழுதினது காணும். இனி முதலில இருந்து வாசி, கேட்பம். நான் பால் குடிச்ச இடம் வந்தா ஓடாத, ஆறுதலா வாசி.