யன்னலால் குதித்த பெட்டையும் போறணைக்கு முன்னால் நின்ற பெட்டையும்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் ஒரு பொய் சொன்னதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதை வேறு ஆள் எழுத முடியாது.

நாங்கள் குருநகர்க் கடற்கரை ஆட்கள். கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்து, கரைப்பக்கம் செல் குண்டும் விழத் தொடங்கிய பிறகு, உடுவிலில் ஒரு தோட்டக்காரரின் பின்வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். நான் அவருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிவேலை செய்தேன். மூத்த மகளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதுப் பிள்ளைகளை வைத்திருந்த தாய் தகப்பன்மாருக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான். காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வராது. சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்விட்டது என்று யாராவது வந்து சொல்லுவார்கள். சில பிள்ளைகள் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகும். சிலது அதுவும் இல்லை. எந்தப் பிள்ளையும் முகத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த இன்னொரு குடும்பமும் அடுத்த ஒழுங்கையில் இடம்பெயர்ந்து இருந்தது. தாயும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளும். மூத்தவளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள். இளையவளுக்குக் கோயிலில் முதல்முதல் நற்கருணை, முதல்நன்மை, கொடுத்த அன்று, அந்தத் தாய் எங்கேயோ சொல்லி ஒரு ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் எடுப்பித்தாள். கரண்ட் இல்லாமல் போய் வருசக்கணக்கு. அதனால் ஒழுங்கையில் இருந்த சிறிசுகள் எல்லாம் வந்துவிட்டன. பகல் நேரம். படம் தெரிய வேண்டும் என்று யன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டினோம். உள்ளே வியர்வையும் மண்ணெண்ணெய்ப் புகையும்.

கிடைத்த வீடியோக் கொப்பி இரண்டும் பாட்டு நிறைந்த காட்டூன் படங்கள். இரண்டும் இங்கிலீசு.

"அண்ணை, நீங்கள் கொழும்புத் துறைமுகத்திலை வேலை செய்த ஆள்தானே. பிள்ளையளுக்குத் தமிழிலை சொல்லுங்கோவன்" என்றாள் வீட்டுக்காரத் தாய்.

துறைமுகத்தில் நான் மூட்டை சுமந்தவன். எண்பத்துமூன்று கலவரத்தில் அங்கிருந்து தப்பி வந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீசு, தூக்கு, இறக்கு, கவனம் என்ற மூன்று சொல்லுத்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றவன் எல்லாம் இங்கிலீசு தெரிந்தவன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க இல்லையென்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரீவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு இருந்துவிட்டேன்.

முதல் படத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். பனிமூட்டத்தில் வள்ளங்களுக்கு வழிகாட்டுகிற பெரிய மணியை ஒரு கடற்பூதம் களவெடுத்துவிடுகிறது. ஒரு பெட்டை தனியாக வள்ளம் எடுத்துக்கொண்டு மணியைத் தேடிப் போகிறாள். போகிற வழியெல்லாம் பாட்டு.

"உந்தத் துடுப்புப் பிடிக்கு அவள் இறங்குதுறையைத் தாண்டமாட்டாள்" என்று நான் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிவு வந்துவிட்டது.

அவள் புறப்படுகிற இடத்தில்தான் நான் பொய் சொன்னேன். தாய் நித்திரை. பெட்டை யன்னலைத் திறந்து வெளியே குதிக்கிறாள். அதைப் பார்த்தவுடன் நான் என் மகளைத் தேடினேன். அவள் முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்னெண்டால் பிள்ளையள், அவள் தாயிட்டை எல்லாம் சொல்லி, தாய் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் போறாள்" என்றேன்.

இரண்டாவது படத்தில் பனி கொட்டுகிற ஒரு ஊர். ஓநாய்கள் சுற்றிவர நிற்கின்றன. ஏலுமானவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். நடக்க முடியாத கிழடுகளையும் நோயாளிகளையும் பாண் ரொட்டி சுடுகிற போறணை அடுப்பு இருக்கிற வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டை மட்டும் நிற்கிறாள். போறணை நெருப்பு அணையாமல் பார்க்கிறாள். பாண் சுடுகிறாள். கதவை இடிக்கிற பெரிய ஓநாய்க்கு முன்னால், பாண் எடுக்கிற நீட்டுப் பலகையோடு நின்று பாடுகிறாள். இதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் "பாத்தியளோ, வீட்டிலை இருந்தே எவ்வளவு பெரிய வேலை செய்யிறாள்" என்று நாலைந்து தரம் சொன்னேன்.

படம் முடிந்து பாயாசம் குடிக்கும்போது பெட்டைகளுக்குள் வாக்குவாதம்.

"மணிக்காரிதான் வீரி. மற்றவள் ஓட ஏலாமல் நிண்டவள்" என்றாள் மகளின் சிநேகிதி.

"போடி! ஓநாய்க்கு முன்னாலை நீ நிப்பியோ? எங்கடை வீட்டு நாய்க்கே சைக்கிள்லை காலைத் தூக்கிற ஆள் நீ" என்றாள் என் மகள்.

"அது உங்கடை நாய்க்கு விசரடி!"

நான் நடுவில் போய், "ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள். முதலாவது பிள்ளை தாயைக் கேட்டுப்போட்டெல்லோ போனவள்" என்றேன்.

சிநேகிதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, கேட்டுப்போட்டுப் போறவள் ஏன் யன்னலாலை போறாள்? கதவு இறுகிப்போச்சுதோ?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. "அவள் கேக்கேல்லை அப்பா. நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலைநேரம் சிநேகிதியின் தாய் எங்கள் வளவுக்குள் ஓடிவந்தாள். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. நேரே என் மகளிடம் போய் இரண்டு கையையும் பிடித்தாள்.

"பிள்ளை, உனக்குச் சொன்னவளோ? எங்கை போறன் எண்டு உனக்கெண்டாலும் சொன்னவளோ?"

"இல்லை மாமி" என்றாள் மகள். அவளுக்கும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்றிலிருந்து மகள் கதைப்பதைக் குறைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குத் தனியாகச் சைக்கிள் ஓடினாள். "இஞ்சருங்கோ, நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ. நான் கேட்டா அழுதுபோடுவன்" என்றாள் என் மனிசி.

ஒரு பின்னேரம் மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோக வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் குந்தி, வெங்காயத் தாளை ஒதுக்கித் தந்தாள்.

"அண்டைக்குப் படத்திலை நான் பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும்."

"ஏன் எண்டு தெரியுமோ?"

"பயத்திலை."

"ஓம்." நான் ஒரு பிடியைக் கட்டி முடித்தேன். "பிள்ளை, அவள் குதிச்சாப் பிறகு தாயைக் காட்டினவங்களோ?"

யோசித்தாள். "கடைசியிலை காட்டினவங்கள். மணியோடை வரேக்கை."

"இடையிலை?"

"இல்லை."

"படம் அவளோடை கடலுக்குப் போயிட்டுது. விடியத் தாய் எழும்பி வெறும் பாயைப் பாத்ததை ஒருத்தரும் காட்டேல்லை. நான் அதைச் சொல்லியிருக்கவேணும். அதை விட்டுப்போட்டுப் பொய் சொன்னனான்."

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. "நீங்கள் மற்றப் படத்தையும் பிழையாத்தான் சொன்னனீங்கள்" என்றாள்.

"அதிலை என்ன பிழை?"

"வீட்டிலை இருந்தவள் எண்டதாலை உங்களுக்கு அவளைப் பிடிச்சுது. அவள் வீட்டிலை ஒளிச்சிருக்கேல்லை அப்பா. ஓநாய் வரும் எண்டு தெரிஞ்சுதான் நிண்டவள். அவளும் செத்திருப்பாள்."

பதினைந்து வயதுப் பிள்ளை கண்டதை நான் காணவில்லை. மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் இரண்டு பெட்டைகளையும் எனக்கு ஏற்றமாதிரி வளைத்திருக்கிறேன்.

"நீ போகாதை பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல?

"போகமாட்டன் எண்டு சொன்னா அது பொய்யாப் போகலாம். சொல்லாமல் போகமாட்டன். அதை மட்டும்தான் சொல்ல ஏலும்."

அந்த வாக்கை வைத்துக்கொண்டு நாங்கள் எட்டொன்பது மாதம் இருந்தோம். வாக்கு இருந்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவள் "அப்பா" என்று கூப்பிட்டாலே, இதோ சொல்லப்போகிறாள் என்று செய்த வேலையை விட்டுவிடுவேன். கூப்பிட்டுவிட்டு, பேனைக்கு மை முடிஞ்சுது என்பாள். சைக்கிளுக்குக் காற்றில்லை என்பாள். நான் தண்ணீர்ச் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து நல்லூர் வழியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தோம். அவள் பின்னால் இருந்தாள். "அப்பா, நிப்பாட்டுங்கோ" என்றாள். வீதியோரம் ஒரு மதிலோடு சைக்கிளைச் சாய்த்தேன்.

"என்ரை சிநேகிதி ஆள்விட்டுக் கேட்டவள், இயக்கத்துக்கு வாறியோ எண்டு. எனக்கு விருப்பமாத்தான் இருந்தது. உங்களுக்குச் சொல்ல வேணுமெண்டு மூண்டு தரம் வந்தனான். உங்கடை முகத்தைக் கண்ட உடனை வேறை எதையோ கேட்டுப்போட்டுப் போயிட்டன்." அவள் சைக்கிள் சீற்றைப் பிடித்துக்கொண்டாள். "அவை சொன்ன நாள் போயிட்டுது, இனி அந்த ஆக்கள் வரமாட்டினம். நான் போகேல்லை. நான் பயந்தாங்கொள்ளி அப்பா. அவள்தான் வீரி."

எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை. அதே நேரம் அதை முகத்தில் காட்டவும் முடியவில்லை. அடுத்த ஒழுங்கையில் ஒரு தாய் ஒவ்வொரு நாளும் படலையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையைக் குறைத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் பிள்ளையைப் பயந்தவள் என்று விடவும் மனமில்லை. இந்த முறை இல்லாத கதை சொல்லக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

"அவளும் வீரிதான்" என்றேன். "எனக்கு முன்னாலை மூண்டு தரம் வந்து நிண்டிருக்கிறாய். அதுக்கு என்ன பேர் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை. வா, அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கோப்பையைக் கழுவி மகளுக்குச் சோறு போட்டாள். போட்ட சோற்றுக்கு மேலேயே இன்னொரு அகப்பை போட்டாள். "காணும் அம்மா, காணும்" என்று பிள்ளை சொல்லச் சொல்ல, அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.