முன்சக்கரத்துக் கல்

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, விழுப்புரம் கோர்ட்டு, இரும்பை கோயில் என்று வாரம் முழுக்க அலைகிற வண்டி. சின்னச் சின்னப் பழுதெல்லாம் வீட்டு வாசலில் அவரே பார்த்துக்கொள்வார்.

ஜாக்கி போடுவதென்றால் அவருக்கு விரதம் மாதிரி. எங்கள் தெரு ஏரிப் பக்கம் சரிந்து இறங்கும். வண்டியின் ஹேண்ட் பிரேக்கோ பேருக்குத்தான். அதனால் முதலில் முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கருங்கல்லை முட்டுக் கொடுப்பார். ஜாக்கிக்கு அடியில் பலகை. வண்டியைத் தூக்கியதும் ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து அடியில் படுக்க வைப்பார். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி டயர்மேல் உட்காருமே தவிர ஆள்மேல் உட்காராது. இவ்வளவும் செய்துவிட்டு, அடியில் நுழைவதற்கு முன் என்னைக் கேட்பார், "கல்லு இருக்குதா பாரு." பதறாத காரியம் சிதறாது என்பது அவர் வேதம்.

எனக்கு வாய்க்கொழுப்பு. "இவ்ளோ பயந்துக்கினு எதுக்குங்க காரு ஓட்டணும்? ஒரு மாட்டு வண்டி வாங்கிக்கலாமில்ல" என்பேன். சிரித்துக்கொள்வார்.

அந்த வருஷம் ஆயுதபூஜை அன்று காலையிலேயே வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தி, கியரில் போட்டு, கல்லும் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நான் ஸ்பேனர், சுத்தியல், ஸ்டெப்னி எல்லாவற்றையும் துடைத்துப் பூஜையறையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். கல்லும் வருஷம் பூரா உழைக்கிறதே என்று தோன்றியது. முன்சக்கரத்துக் கற்கள் இரண்டையும் எடுத்துப்போய்க் கழுவி, பொட்டு வைத்து, ஸ்டெப்னி பக்கத்தில் வைத்தேன். பூஜை முடிந்து வண்டி ஏறி நசுக்க வேண்டுமென்று எலுமிச்சம்பழங்களை இப்போதே சக்கரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு, காருக்கு எதிரில் கோலம் போட உட்கார்ந்தேன். பெரிய கோலம், இருபத்தொரு புள்ளி.

அவர் திரும்பி வந்தார். சைலன்சர் கிளாம்ப் இரண்டு நாளாகவே லொடலொடத்துக்கொண்டிருந்தது. மறுநாள் விஜயதசமிக்குச் சவாரி இருந்தது. "பூசைக்கு முன்னாடி இறுக்கிட்டு வந்துர்றேன்" என்று டிக்கியிலிருந்து ஜாக்கியையும் அங்கே கிடந்த இன்னொரு ஸ்பேனரையும் எடுத்தார். ஸ்டெப்னி கேட்டார். "பொட்டு வெச்சாச்சுங்க. மறுபடியும் மண்ணுல உருட்டாதீங்க" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். நாள் கிழமையில் என்னோடு எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டார்.

பின்சக்கரம் மேலே ஏறியது. வண்டிக்குப் பின்னாலிருந்து கேட்டார், "கல்லு இருக்குதா?"

நான் பாதிக் கோலத்தில் இருந்தேன். கல்லைக் கொண்டுவந்து வைத்தால் இழையெல்லாம் கலைந்துபோகும்.

"இருக்குது, இருக்குது."

மறந்துபோய்ச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். கல் பூஜையறையில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். வண்டிதான் அசையாமல் நிற்கிறதே, ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தெரிந்தவர் கேட்டார். தெரியாதவள் பதில் சொன்னேன்.

அவர் அடியில் படுத்து ஸ்பேனரை இழுத்தார். வண்டி குலுங்கி, என் கோலத்தின்மேல் ஓரடி நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. தூக்கியிருந்த சக்கரம் இறங்கித் தரையைப் பிடித்ததும் வண்டி நின்றது. அவருடைய இடது கை அந்தச் சக்கரத்துக்கு அடியில்.

நான்தான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "கத்தாத. முதல்ல கல்லு வை" என்றார். "எங்க இருக்குது?"

"பூசையில."

அடியில் படுத்திருந்தவருக்கு முன்சக்கரம் நேராகத் தெரிந்திருக்கும். கல் இருக்க வேண்டிய இடத்தில் நசுங்கின எலுமிச்சம்பழம். நான் உள்ளே ஓடி, குங்குமப் பொட்டோடு கற்களைத் தூக்கி வந்து முட்டுக் கொடுத்தேன். "பலகையை நேரா போடு. அதும்மேல ஜாக்கி. சுத்து. ஜல்தி பண்ணாத, மெதுவா." அதுவரை நான் ஜாக்கியைத் தொட்டதேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்லச் சுற்றினேன். கை வெளியே வந்ததும்தான் அவருக்கு மயக்கம் வந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தார்.

இரண்டு விரல் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் "ஜாக்கி சறுக்கிடுச்சி" என்றார். சொந்தக்காரர்கள் வந்து கேட்டபோதும் அதேதான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். திட்டவேயில்லை.

விரல்கள் கொஞ்சம் கோணலாகக் கூடின. மூன்று மாதத்தில் மறுபடியும் வண்டி எடுத்தார். வாசலில் ஜாக்கியும் போட்டார். ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டார். தானே முன்பக்கம் வந்து, குனிந்து, இரண்டு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார். கேட்கமாட்டாரா என்று நான் வாசற்படியிலேயே நிற்பேன்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அவர் பின்னால் பலகை போட்டுக்கொண்டிருந்தபோது நான் காருக்கு முன்னால் போய், குனிந்து, இரண்டு கல்லையும் கையால் தொட்டுப் பார்த்தேன். "கல்லு இருக்குதுங்க" என்றேன்.

"சரி" என்றார். பலகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, பார்த்துவிட்டுப் போனார்.